முடி ஊசி

நெடுங்குளம் மாரியம்மன் கோயிலில் மொட்டை போடுவதற்கென்றே ஓர் இயந்திரம் இருந்தது. தலையை உள்ளே கொடுத்தால் போதும், ஒரு கீறல் விழாமல் வழித்து, துடைத்து, சந்தனமும் பூசி அனுப்பிவிடும். நிர்வாகம் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டது. வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு தலைகூடக் கிடைக்கவில்லை. "மிஷின் வழிச்ச முடி ஆத்தாளுக்குப் போய்ச் சேருமா?" என்று முதல் நாளே ஓர் அம்மாள் கேட்டுவிட்டாள், அதோடு அதன் கதை முடிந்தது. இப்போது மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, மண்டபத்து மூலையில் சந்தனக் கிண்ணம் அடுக்கும் மேசையாக வைத்திருந்தார்கள்.

அந்த மேசையை ஒட்டித்தான் டாக்டர் தில்லைநாயகி தன் மகன் நிரஞ்சனோடு வரிசையில் நின்றாள். ஆவணி மாத வெயில் மண்டபத்துத் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை; ஊசிக்குள் இருப்பதைச் செய்கிற டாக்டர். கடவுள் நம்பிக்கை அவளுக்குப் பரீட்சைக் காலத்தில் மட்டும் வந்து போகும் சளியைப் போன்றது. ஆனால் வைகாசிக் கோடை மழையில் நிரஞ்சன் நகமெல்லாம் நீலம் பாரித்து நினைவின்றிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இந்த ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள்.

"நீ செஞ்ச மருந்துக்கு நீயே வந்து நேர்த்திக்கடன் செலுத்துற. ஊரு சிரிக்கும்மா," என்றான் நிரஞ்சன்.

"சிரிக்கட்டும். நீ உயிரோட நின்னு கிண்டல் பண்றியே, அது போதும் எனக்கு."

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் 'முடி ஊசி' போட்டுக்கொண்டவர்கள்தான். மருந்துக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. அது டாக்டர்கள் வாயில் மட்டும் இருந்தது. ஊர் வைத்த பெயர் முடி ஊசி.

நீலக் காய்ச்சல் மழையோடு வந்து மூளையில் உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்டத் தெரிந்தது ஒரே ஒரு பொருளுக்கு, பாதரசத்தில் செய்த ஒரு சேர்மத்துக்கு. ஆரம்பத்தில் அந்த மருந்து காய்ச்சலை ஓட்டிவிட்டு ஆளின் சிறுநீரகத்தைத் தின்றது. பிழைத்தவர்கள் பிழைத்த பிறகு செத்தார்கள். பாதரசம் உடம்பை விட்டுப் போகத்தான் வேண்டும், ஆனால் சிறுநீரகம் வழியாகப் போகக் கூடாது. அதற்கு வேறு வாசல் திறந்துவிட்டது தில்லைநாயகிதான். அவள் செய்த தூது மூலக்கூறு ஒவ்வொரு பாதரசத் துகளையும் கையைப் பிடித்து மயிர்க்காலுக்கு அழைத்துப் போய் முடிக்குள் வைத்துப் பூட்டியது. மூன்று மாதம் முடி வளரவிட்டு மொட்டை அடித்துவிட்டால் உடம்பு சுத்தம்.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்றது ஒரு குரல்.

நிரஞ்சனுக்கு வாய்த்தவள் செங்கமலம். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை தொங்கும் முடியைக் கொண்டையாகச் சுருட்டிப் போட்டிருந்தாள். பிறர் தலையை வழித்தே பிழைக்கிறவளுக்கு இத்தனை முடியா என்று தில்லைநாயகிக்கு வேடிக்கையாக இருந்தது. செங்கமலம் வெந்நீரைச் சொம்பில் மொண்டு நிரஞ்சன் தலையில் ஊற்றினாள். பத்து விரலாலும் முடியைப் பிசைந்து நீவினாள். நன்றாக ஊறினால்தான் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பிறகு கத்தியை எடுத்தாள்.

உச்சியைத் தாண்டி காதோரம் வந்தபோது கத்தி தடுமாறியது. நிரஞ்சன் "ஆ" என்றான். ஒரு கோடு ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"ஐயோ, மன்னிச்சிக்கங்க தம்பி! ஆத்தா, மன்னிச்சிக்க!" செங்கமலம் பதறிப்போய்ச் சந்தனத்தை அள்ளி அப்பினாள். "பெருசா ஒண்ணும் இல்லைங்கம்மா, தோலுதான். நிர்வாகத்துல சொல்லிடாதீங்கம்மா..."

தில்லைநாயகி ரத்தத்தைப் பார்க்கவில்லை. செங்கமலத்தின் கையைப் பார்த்தாள். கத்தி பிடித்த விரல்கள் நுனியில் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட நடுக்கத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று நினைவு வந்தது. ஆய்வுக்கூடத்தில், பாதரச அளவு கூடிப்போன எலிகளின் முன்னங்கால்களில்.

"இந்த நடுக்கம் எப்பலேர்ந்தும்மா?"

"போன தைக்கு அப்புறந்தாங்க. தூக்கமும் வரமாட்டேங்குது. யாராச்சும் சத்தமாப் பேசினாவே அழுகை வந்துருது. வெக்கக்கேடு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஈறுகள் வீங்கிச் சிவந்திருப்பது பேசும்போது தெரிந்தது. "எனக்கு மட்டும் இல்லைங்க. அந்தக் கடைசிப் பலகையில உக்காந்து வழிச்ச காத்தமுத்து அண்ணனுக்குக் கை ரொம்ப மோசமாயி வேலையை விட்டே போயிட்டாரு. மண்டபத்து ஈரம் ஒத்துக்கலைன்னு பேசிக்கிறாங்க."

தில்லைநாயகி கீழே பார்த்தாள். மண்டபத் தரையெங்கும் ஈர முடி. எல்லோருடைய முடியும். எல்லோருடைய பாதரசமும்.

---

செங்கமலத்தின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்றே தில்லைநாயகி டாக்டர் இம்மானுவேல் துரைராஜின் அறைக்குப் போனாள். முடி ஊசித் திட்டத்துக்கே அவர்தான் தலைவர். நல்ல மனிதர். அவர் மனைவி எஸ்தர், தில்லைநாயகியின் மூலக்கூறு வருவதற்கு முன்னால், அந்தப் பழைய மருந்தால் பிழைத்து, அந்தப் பழைய மருந்தாலேயே போய்ச் சேர்ந்தவள்.

"காய்ஞ்ச முடியிலேர்ந்து ஒரு துளி வெளிய வராதுன்னு நீதானே நிரூபிச்ச?" என்றார் அவர்.

"காய்ஞ்ச முடியிலேர்ந்து வராது சார். ஆனா அங்க யாரும் காய்ஞ்ச முடியை வழிக்கலையே. வெந்நீர் ஊத்தி, நல்லா ஊறவெச்சு, விரலால பிசைஞ்சுதான் வழிக்கிறாங்க. நாள் முழுக்க அந்தத் தண்ணியிலதான் அவங்க கை."

"அதுல இவ்வளவு இளகுமா?"

"மொட்டை எதுக்கு அடிக்கச் சொன்னோம்? எண்ணெயும் வேர்வையும் பட்டா பாதரசம் இளகி, தோல் வழியாத் திரும்ப உள்ள போயிடும்னுதானே? அந்தக் கணக்கைத் தலைக்குச் சொந்தக்காரங்களுக்குப் போட்டோம் சார். தலைக்கு மேல குனிஞ்சிருக்கறவங்களுக்கு யாரும் போடலை. நானும் போடலை."

இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, மூடி அனுப்பணும்னுதானே முதல்ல ஏற்பாடு," என்றார் மெல்ல.

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் குத்தியது. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில்தான் மொட்டை. கையுறை, முகமூடி, மூடிய பை, எல்லாம் முறைப்படி. பெண்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. உயிர் பிழைத்தவர்கள் மூன்றாம் மாதம் தலையை முக்காடு போட்டு மறைத்துக்கொண்டு ஊரைவிட்டே ஓடினார்கள். 'தாலி அறுத்தவளாட்டம் ஆஸ்பத்திரியில போய் மொட்டை அடிச்சிக்கவா?' என்று கேட்டார்கள். ஓடியவர்களில் பலர் பாதரசம் திரும்ப ஏறிச் செத்தார்கள். அப்போது ஒரு கூட்டத்தில் தில்லைநாயகி எழுந்து, "எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீங்கன்னு கேளுங்க. அங்க போய் முடி இறக்கச் சொல்லுங்க. தானா நடக்கும்," என்றாள். தானாகவே நடந்தது. சாமிக்கு என்றதும் புதுப் பெண்டாட்டிகூடச் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். அந்த யோசனைக்குக் கிடைத்த கைதட்டல், மூலக்கூறைக் கண்டுபிடித்ததற்குக்கூட அவளுக்குக் கிடைத்ததில்லை. வெள்ளைக்காரன் மூளைக்கு இது எட்டியிருக்குமா என்று பெருமை வேறு பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசியது.

"வெளிப்படையா அறிவிச்சிடலாம் சார்."

"அறிவிச்சா?" இம்மானுவேல் அவளை நேராகப் பார்த்தார். "ஐப்பசி மழை வாசல்ல நிக்குது. 'முடி ஊசியில விஷம்'னு ஒரு வரி வெளிய போச்சுன்னா எவன் போட்டுக்குவான்? போன மழையில எத்தனை பேரைக் காப்பாத்தினோம்? உன் பையன் தலையில கை வெச்சுச் சொல்லு தில்லை, ஜனங்க இந்த ஊசி வேண்டாம்னு சொல்ற நிலைமை வரலாமா?"

நிரஞ்சனின் தலையில் சந்தனம் காய்ந்துகூட இருக்காது.

"மழை ஓயட்டும். பொங்கலுக்குப் பிறகு நானே உன் பக்கத்துல உக்காந்து சொல்றேன். அதுவரைக்கும் கையுறை வாங்கி அனுப்புவோம். அந்தம்மாவுக்கு வைத்தியம் பாரு, பலிச்சா மத்தவங்களுக்கும் பார்ப்போம். காரணம் மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாத. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை.

---

கையுறைகள் போயின. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. "பொணத்தைத் தொடுற மாதிரி எங்களைத் தொடுறீங்க?" என்று பக்தர்கள் சண்டைக்கு வந்தார்களாம். கையுறையோடு வழித்தால் வேண்டுதல் பலிக்காது என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. எதற்காகப் போடச் சொன்னார்கள் என்பது தொழிலாளர்களுக்கே தெரியாதபோது அவர்கள் யாருக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

செங்கமலத்துக்கு வைத்தியம் புரட்டாசியில் தொடங்கியது. தூது மூலக்கூறை மட்டும் தனியாக, பாதரசம் சேர்க்காமல் கொடுத்தாள் தில்லைநாயகி. உள்ளே ஊறிக் கிடப்பதை அது கொஞ்சம் கொஞ்சமாக முடிக்குக் கூட்டி வரும். ஒவ்வொரு வாரமும் அவளே காரை ஓட்டிக்கொண்டு செங்கமலத்தின் வீட்டுக்கு ஊசி போட நர்ஸை அழைத்துச் சென்றாள்.

"டாக்டரம்மா, எதனால எனக்கு இந்த நோவு?" செங்கமலம் ஒரு தடவை கேட்டாள்.

"உடம்புல கொஞ்சம் உலோகம் சேர்ந்திருக்கு."

"நான் எந்த உலோகத்தைத் தின்னேன்?"

தில்லைநாயகி சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். "தண்ணியில இருந்திருக்கலாம்," என்றாள். அதுவும் பொய் இல்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். "வேலைக்கு மட்டும் போகாதீங்க. கை சரியாகற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது."

"போவலைங்க. நடுங்குற கையோட போனா பாவம் சேரும். ஆனா எடம் போயிடுமேன்னுதான். எங்க மாமியா காலத்துலேர்ந்து எங்க வீட்டுப் பலகை அது. வீட்டுலேர்ந்து ஒரு ஆளு உக்காந்துட்டா எடம் போவாது, பாத்துக்கிறேன்."

"சரி, பாத்துக்கங்க," என்றாள் தில்லைநாயகி. நர்ஸுக்கு வேறு வேலை இருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது, காரைத் திருப்ப வேண்டியிருந்தது. யார் அந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. நீலக் காய்ச்சல் ஊர் ஊராக வந்தது, முடி ஊசியும் பின்னாலேயே வந்து காப்பாற்றியது. தினமும் மாலையில் பிழைத்தவர்களின் கணக்கை இம்மானுவேல் அவளுக்கு அனுப்புவார், ஒரு வார்த்தை கூட்டாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாம் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றும். பிறகு மண்டபத்து ஈரத் தரை கண்ணில் வரும்.

மார்கழியில் செங்கமலத்தின் முடியில் ஒரு கற்றையைப் பரிசோதித்தார்கள். அப்படி ஓர் அளவை எந்த நோயாளியின் முடியிலும் தில்லைநாயகி கண்டதில்லை. வருடக்கணக்கில் ஊறியது அத்தனையும் அந்த முழங்கால் நீள முடிக்குள் வந்து குந்தியிருந்தது. மருந்து வேலை செய்கிறது.

"அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றாள் செங்கமலத்திடம். "எங்க ஆஸ்பத்திரியிலேயே முடியை எடுத்துடலாம்."

செங்கமலம் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நல்லாச் சொன்னீங்க போங்க! ஆத்தா வாசல்லயே பொழப்ப நடத்திட்டு, என் முடியைக் கொண்டாந்து ஆஸ்பத்திரியில குடுக்கவா? கண்ணை நோண்டிடுவா அவ."

"இல்லம்மா, நான் சொல்றபடி கேளுங்க. ஆஸ்பத்திரியிலதான் எடுக்கணும்."

"ஏங்க?"

பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள்தான். "அது... முறை அப்படி," என்றாள் தில்லைநாயகி.

"சரிங்க டாக்டரம்மா," என்றாள் செங்கமலம், பெரிய மனிதர்களிடம் சொல்லும் குரலில். அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று தில்லைநாயகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஊரிலும் அப்படித்தான் சரி சொல்வார்கள்.

---

பொங்கல் முடிந்து இம்மானுவேல் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை இருவருமாக நிருபர்கள் முன்னால் உட்காருவது என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் செங்கமலத்திடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று தில்லைநாயகி வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பினாள். காரில் கையுறை, மூடிய பை எல்லாம் தயாராக இருந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கோலப்பொடிக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"தை மொத வெள்ளியாச்சேங்க. செங்கமலம் அக்கா விடியங்காட்டியே கோயிலுக்குப் போயிட்டாங்க. முடி எறக்கறாங்க இன்னைக்கு."

மண்டபத்துக்குள் ஓட முடியவில்லை, அவ்வளவு கூட்டம். "விடுங்க, விடுங்க" என்று இடித்துக்கொண்டு உள்ளே போனாள். போர்த்திய வேட்டியோடு இயந்திரம் மூலையில் நின்றது. அதற்குப் பக்கத்தில் செங்கமலம். தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள்.

"டாக்டரம்மா! கோவிச்சிக்காதீங்க. ஆத்தாளுக்குத்தான்னு மனசுக்குப் பட்டுச்சு." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "இங்க பாருங்க, நடுக்கம் பாதிக்கு மேல கொறைஞ்சிருச்சு. உங்க கையில அந்த ஆத்தாளே எறங்கியிருக்கா."

"யாரு... யாரு வழிச்சது?"

"எம்பொண்ணுதாங்க, சங்கவி. போன் கடையில வேலையில இருந்தா. எனக்காக அதை விட்டுட்டு நாலு மாசமா நம்ம பலகையில உக்காந்திருக்கா. நல்லாக் கத்துக்கிட்டா. வேற யாரு கையாலயும் எறக்கிக்க மனசு வரலை."

சங்கவி பலகையில் உட்கார்ந்தபடியே தலை நிமிர்ந்து சிரித்தாள். இருபது இருபத்தொன்று இருக்கும். முழங்கை வரை நனைந்திருந்தன கைகள். அம்மாவின் முடி, அந்த முழங்கால் நீள முடி, ஈரம் சொட்டச் சொட்ட அவள் மடியில் கிடந்தது. அது சிக்காகிவிடாமல் விரலால் கோதிக் கோதி முடிந்துகொண்டிருந்தாள்.

"அதைக் கீழ போடு!" தில்லைநாயகி போட்ட சத்தத்தில் பக்கத்துப் பலகைகள்கூட நின்றன. "கீழ போடும்மா. கையைக் கழுவு. இங்க இல்ல, குழாய்க்கு வா. சோப்புப் போட்டுக் கழுவு!"

குழாயடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போய்த் தானே அவள் கைகளைத் தேய்த்தாள். நகக்கண்ணை, விரலிடுக்கை, மணிக்கட்டை. தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. பாதரசம், முடி, வெந்நீர், தான் கூட்டத்தில் எழுந்து சொன்ன யோசனை, மழை ஓயட்டும் என்று ஒப்புக்கொண்டது, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்து விழுந்தன. "நாங்க நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

செங்கமலம் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கித் தெப்பக்குளத்தைப் பார்த்து ஓடியது. மொட்டை போட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் குளித்துக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகி அதைக் கவனித்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டாள் செங்கமலம்.

"உங்க கத்தி என் பையன் தலையில பட்டுச்சே, அன்னைக்கே சந்தேகம். ரத்தம் பாத்தப்ப உறுதியாயிடுச்சு."

செங்கமலம் திட்டுவாள் என்று தில்லைநாயகி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் தன் மொட்டைத் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். சந்தனம் உள்ளங்கையில் ஒட்டியது.

"நீங்க போட்ட ஊசியில எத்தனையோ பேரு பொழைச்சாங்க. அதை நான் மறுக்கலைங்க," என்றாள். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டரம்மா. நான் ஊரைக் கூட்டியிருக்க மாட்டேன். இவளை அந்தப் பலகையில உக்கார வெச்சிருக்க மாட்டேன், அவ்வளவுதான்."

தில்லைநாயகி ஈரம் சொட்டும் சங்கவியின் கைகளை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். புடவைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு சங்கவியிடம், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சற்று நேரம் அசையாமல் வைத்திருக்கச் சொன்னாள்.

சங்கவி நீட்டினாள். மூவரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.